எங்கள் வீதியின் உயரம்

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் பிறகு மற்றவர்களைத் திட்ட வசதியாக இருக்கும். சனம் என்னைப் பிரதேச சபைக்குத் தெரிவு செய்து அனுப்பிய முதல் வருடத்திலேயே, எங்கள் ஒழுங்கைக்குப் போடவிருந்த கொங்கிறீற் வீதியை அரை அடி உயர்த்திப் போடச் சொன்னவன் நான்தான். வெள்ளத்தை நினைத்துச் சொன்னேன் என்று ஒரு பொய் சொல்லலாம். கேட்பவர்கள் நம்பவும் கூடும். உண்மை என்னவென்றால், அடுத்த வட்டாரத்து உறுப்பினர் போட்ட வீதி எங்கள் வீதியைவிட உயரமாக நின்றது. அதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

இது விளங்க வேண்டுமானால் மன்னார்த் தீவில் கொஞ்சக் காலம் குடியிருக்க வேண்டும். இங்கே மலை இல்லை, மேடு இல்லை. கடவுள் எங்கள் தீவைத் தோசைக்கல்லில் ஊற்றித் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறார். இப்படியான இடத்தில் யாராவது எதையாவது ஒரு சாண் உயர்த்தினால் ஊர் முழுக்கத் தெரியும். பழைய வீதியைக் கிண்டி அகற்றிவிட்டுப் புதியதைப் போடும் வழக்கமும் எங்களிடம் கிடையாது. பழையதற்கு மேலே கிறவல் மண், கிறவலுக்கு மேலே கொங்கிறீற். அடுத்த உறுப்பினர் வந்தால் அதற்கும் மேலே ஒன்று. கொங்கிறீற் காய முதலே ஆட்கள் வந்து நின்று, பக்கத்து ஒழுங்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வீதி உயர்ந்தால் உறுப்பினர் உயர்ந்தார். அவ்வளவுதான் எங்கள் அரசியல் விஞ்ஞானம்.

நான் தொழிலால் ஒலிபெருக்கிக்காரன். கலியாணவீடு, செத்தவீடு, கோயில் திருநாள், பள்ளிவாசல் பயான் எல்லாவற்றுக்கும் மைக்கும் கதிரையும் வாடகைக்குக் கொடுக்கிறவன். எனக்கு வாக்களித்தவர்கள் என் கொள்கையைப் பார்த்து வாக்களிக்கவில்லை. செத்தவீடு முடிந்த மறுநாளே கதிரையைத் திருப்பிக் கேட்டு வந்து நிற்காதவன் என்பதற்காக வாக்களித்தார்கள். வென்ற அன்று என் மனைவி கேட்டாள்: “கதிரை குடுத்தவருக்குக் கதிரை குடுத்திட்டினம். அதில இருந்து என்ன செய்யப் போறியள்?”

வீதி வேலை தொடங்கிய காலையில் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தொப்பி போட்டுக்கொண்டு வந்து நின்றார். அளக்கும் கருவியை முக்காலியில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“எவ்வளவு உயரம் போடப் போறியள்?”

“வழமையான அளவுதான், மெம்பர்.”

“பக்கத்து ஒழுங்கை?”

“அது கொஞ்சம் கூட. அந்த மெம்பர் கேட்டவர்.”

“அப்ப எங்களுக்கு அதைவிடக் கூடப் போடுங்கோ. ஒரு அரை அடி.”

அவர் கருவியைப் பார்த்தார். வீதியைப் பார்த்தார். இருபக்கமும் இருந்த வீட்டு வளவுகளைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்து, “நீங்கள் சொன்னால் சரி, மெம்பர்” என்றார்.

இந்த நாட்டில் எத்தனையோ ஆபத்தான வசனங்கள் உண்டு. அவற்றில் இதுதான் மிகவும் மரியாதையானது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்து வைத்திருப்பதற்காகத்தான் அந்த மனிதருக்குச் சம்பளம். ஒலிபெருக்கிக்காரன் ஒருவன் வந்து உயர்த்து என்றால், ‘போய் உன்ர மைக்கைப் பார்’ என்று சொல்லியிருக்க வேண்டியவர் அவர். சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. உறுப்பினரோடு ஏன் வீண் வம்பு என்று விட்டுவிட்டார். நானும் அவருடைய மரியாதையில் மயங்கிப் போனேன்.

பின்னேரம் மனைவி தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு கேட்டாள்: “றோட்டு உயர்ந்தால் மழைத் தண்ணி எங்க போகும்?”

“கடலுக்கு. வேற எங்க?”

“கடலுக்குப் போற வழியைத் தண்ணிக்குச் சொல்லிக் குடுத்தனீங்களோ?”

நான் சிரித்தேன். என்னுடைய பெரிய குறை அது. எதற்கும் சிரித்துவிடுவேன்.

இனிக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தீவில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். குடிக்கக்கூடிய தண்ணீர் வருவதுதான் அரிது. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே, பாலின் மேல் ஆடை போல மெல்லிசாகக் கிடக்கும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு மேலே வந்துவிடும். எங்கள் ஒழுங்கையின் நடுவில் ஒரு அக்காவின் வளவில் உள்ள கிணறு ஆழமில்லாதது. எட்டிப் பார்த்தால் உங்கள் முகம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அதைச் சுற்றியுள்ள கட்டும் பதிந்த கட்டு. அந்தத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். குழாய்த் தண்ணீர் குளிக்க, கழுவ. குடிக்கவும் தேத்தண்ணி போடவும் ஒழுங்கை முழுவதும் அக்காவின் கிணற்றடிக்குத்தான் போகும்.

அக்கா ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக இருந்து ஓய்வுபெற்றவர். தனியாக இருக்கிறார். சுத்தம் என்ற விஷயத்தில் அவரிடம் ஒருவரும் வாய் கொடுக்க முடியாது. கிணற்றடிக்குச் செருப்போடு போகக் கூடாது. அவருடைய வாளியைத் தவிர வேறு வாளி கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. கிணற்றடியில் நின்று ஊர்க்கதை பேசலாம், ஆனால் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசக் கூடாது. வாசல் படலைக்குப் பூட்டு இருந்ததே இல்லை. காசு கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். “தண்ணிக்குக் காசு வாங்கினால் ஊத்து அடைஞ்சு போம்” என்பார். கோயில் திருநாளுக்கு அன்னதானச் சமையல் அந்தத் தண்ணீரில். நோன்புக் காலத்தில் பள்ளிவாசல் கஞ்சியும் அந்தத் தண்ணீரில். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் ஒவ்வொரு பின்னேரமும் ஓட்டோவில் கலன்களை ஏற்றிக்கொண்டு வந்து, “அக்கா, கஞ்சிக்கு” என்று குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து, “திறந்துதானே கிடக்கு, வாங்கோ” என்று பதில் வரும்.

மாரி தொடங்கியது. முதல் பெருமழை விட்ட காலையில் நான் குடையோடு வெளியே வந்தேன். என் வீதி, சோடாப் போத்தல் கழுவி வைத்தது போலப் பளபளவென்று கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் அதில் தங்கவில்லை. ஊரிலுள்ள கழுதைகள் முழுவதும் அதன்மேல் ஏறி நின்றன. இந்தத் தீவில் கழுதைகளுக்கு எங்கே நிற்பது நல்லது என்று எப்போதும் தெரியும். எனக்கோ பெருமை தாங்கவில்லை. செருப்பு நனையாமல் கொஞ்ச தூரம் நடந்தேன். பிறகுதான் இருபக்கமும் பார்த்தேன்.

வளவுகள் எல்லாம் குளம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். அடுப்பு ஒன்று மிதந்து போனது. மீன் வியாபாரம் செய்கிற பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலில் நின்றபடி கூப்பிட்டார்:

“மெம்பர், றோட்டு நல்ல வடிவாக் கிடக்கு. நாங்கள் எல்லாரும் றோட்டிலயே வந்து குடியிருக்கட்டோ?”

“கழுதையள் இடம் விட்டால் வாங்கோ, அண்ணை” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

முந்தி மழை பெய்தால் தண்ணீர் பழைய வீதியைத் தாண்டி மறுபக்கத்து வடிகானுக்குள் இறங்கி, களப்புக்குப் போய்விடும். இப்போது வீதி அணைக்கட்டு மாதிரி குறுக்கே நின்றது. அக்காவின் வளவு ஒழுங்கையிலேயே பள்ளமான வளவு. மற்ற வளவுத் தண்ணீரெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. சும்மா தண்ணீர் அல்ல. ஒழுங்கையிலுள்ள மலக்குழிகள் எல்லாம் நிரம்பி வழிந்த தண்ணீர்.

நான் போனபோது அக்கா அரிசிச் சாக்குகளில் மணலை நிரப்பிக் கிணற்றுக் கட்டைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். தனியாக. தண்ணீர் சாக்குகளுக்கு இடையால் நுழைந்து கட்டின் மேல்விளிம்பை நக்கிக்கொண்டு நின்றது. நான் மேலே, காய்ந்த வீதியில், குடைக்குக் கீழே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். வாளியால் வளவுத் தண்ணீரை ஒருதரம் அள்ளி வந்து, என் காலடியில் வீதியில் ஊற்றினார். தண்ணீர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மெதுவாகத் திரும்பி அவருடைய வளவுக்குள்ளேயே இறங்கிப் போனது. நான் குடையை மடித்துவிட்டு இறங்கிச் சாக்குப் பிடித்தேன். மத்தியானத்துக்குள் தண்ணீர் கட்டைத் தாண்டிவிட்டது. அது கிணற்றுக்குள் விழுந்த சத்தம் இருக்கிறதே, நான் கொழும்பில் வாங்கிய எந்த ஒலிபெருக்கியிலும் அவ்வளவு துல்லியமாகக் கேட்டதில்லை.

சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீரை எடுத்துப் போனார். பரிசோதித்துப் பார்த்துவிட்டு, குடிக்க வேண்டாம் என்றார். மறுநாள் அக்காவின் படலையில் முதன்முறையாக ஒரு பூட்டுத் தொங்கியது. புதுப் பூட்டு. அந்த ஒழுங்கையில் அதைப் பார்க்காமல் ஒருவரும் போக முடியவில்லை. நான் மற்ற ஒழுங்கையால் சுற்றிப் போனேன்.

சபை கூடிய நாளில் நான் பேச எழும்புவதற்கு முன்பே பாதி நேரம் போய்விட்டது. முதலில் அனுதாபப் பிரேரணை. அதன்பிறகு ஒரு வாழ்த்துப் பிரேரணை. அதன்பிறகு, உறுப்பினர்களின் கதிரைகளுக்குக் கைபிடி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம். இந்த விஷயத்தில் தொழில் அனுபவம் உள்ளவர் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். கைபிடி இருந்தால் தூங்க வசதி என்றேன். மேசையில் தட்டிச் சிரித்தார்கள். அன்று சபை என்னிடம் கேட்டு வாங்கிய ஒரே கருத்து அதுதான்.

பிறகு நான் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். வீதிக்குக் குறுக்கே ஒரு இடத்தில் வெட்டி, ஒரு குழாயைப் பதித்துவிட்டால் தண்ணீர் கானுக்குப் போய்விடும். ஒரு நாள் வேலை. அதைத்தான் கேட்டேன்.

சபைக்குத் தலைமை தாங்கிய தவிசாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உறுப்பினர் அவர்களே, அந்த வீதியை உயர்த்தச் சொன்னது ஆர்?”

“நான்தான். அது மடைத்தனம். ஒப்புக்கொள்ளுறன். இப்ப அதைத் திருத்தச் சொல்லிக் கேக்கிறன்.”

“வேலை முடிஞ்ச வீதி. கணக்காய்வு முடியும்வரைக்கும் அதில கைவைக்க ஏலாது.”

“கணக்காய்வு எப்ப முடியும்?”

“அவையள் வந்தால்தானே முடியும்.”

“எப்ப வருவினம்?”

“அது அவையளைத்தான் கேக்கவேணும்.”

அடுத்த வட்டாரத்து உறுப்பினர், நான் யாரைவிட உயர ஆசைப்பட்டேனோ அவரேதான், எழும்பினார். “தவிசாளர் அவர்களே, எங்கட நண்பர் உயரத்துக்கு ஆசைப்பட்டவர். தண்ணியும் அவரைப் பாத்து உயர்ந்து நிக்குது. இதில ஆரைக் குறை சொல்லுறது?”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். பிறகு, “தண்ணியில மலம் கலந்திருக்கு, ஐயாமாரே. சிரிக்கிறதுக்கு முதல் அதையும் கேளுங்கோ” என்று சொல்ல வாயைத் திறந்தபோது, என் மைக் நிறுத்தப்பட்டிருந்தது. வாழ்நாள் முழுக்க ஊருக்கு மைக் கொடுத்தவனின் மைக்.

எனக்கு எரிந்தது இந்த இடத்தில்தான். நான் பிழையை மறைக்கவில்லை. மறைத்திருந்தால் அவர்கள் என்னைத் துருவித் துருவிக் கேட்டிருப்பார்கள், கேட்கும் சாக்கில் யாராவது போய் அந்த ஒழுங்கையைப் பார்த்தும் இருப்பார்கள். நான் ஒப்புக்கொண்டேன். அதோடு எல்லாருக்கும் நிம்மதி வந்துவிட்டது. பிழை யாருடையது என்று தெரிந்துவிட்டால் அதைத் திருத்தும் வேலையும் முடிந்துவிட்டது என்று நினைக்கிற சபை அது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் பின்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரையும் யாரும் கேட்கவில்லை. பிழை என்னுடையது, சரி. வீதி சபையுடையது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பூட்டுக்குப் பின்னால் இருந்தது மட்டும் அக்கா.

சபை ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம் வரும். தண்ணீர் ஏற்றுகிற பவுசர் லொறி ஒன்றை அனுப்பினார்கள். பெருநிலத்தில் அடம்பன் பக்கம் போய் நிரப்பிக்கொண்டு, பாலம் கடந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் அது வந்தது. அதன் நெற்றியில், மக்களின் குடிநீர்ப் பிரச்சினைக்கு உடனடித் தீர்வு என்று ஒரு பதாகை. தீவிலேயே நல்ல தண்ணீர் இருந்த ஒழுங்கைக்குத் தண்ணீர்ப் பிரச்சினை இருக்கிறது என்று பதாகை கட்டிய முதல் சபை எங்களுடையதாகத்தான் இருக்கும். தவிசாளர் வந்து குழாயின் நுனியைப் பிடித்தார். படமெடுக்கிறவர் என்னையும் கூப்பிட்டார். நானும் போய்ப் பிடித்தேன். அந்தப் படம் இப்போதும் கைபேசிகளில் சுற்றுகிறது. அதில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன்.

மீன் வியாபாரி கலனை நிரப்பிக்கொண்டே சொன்னார்: “காலை முறிச்சுப் போட்டு ஊண்டி நடக்கப் பொல்லுக் குடுக்கிறியள், மெம்பர். பொல்லு நல்ல பொல்லுதான். அதுக்கு நாங்கள் நன்றி வேற சொல்லவேணுமோ?”

சொல்லத்தான் வேண்டியிருந்தது. அடுத்த கூட்டத்தில், பவுசருக்காக வட்டாரத்தின் சார்பில் நன்றி தெரிவிக்கும்படி என்னைக் கேட்டார்கள். அன்றைக்கு என் மைக் தடையில்லாமல் வேலை செய்தது. நான் எழும்பி, “பவுசருக்கு நன்றி. கிணத்துக்கு அனுதாபம். பிரேரணையில ரெண்டையும் சேர்த்துப் போடுங்கோ” என்றேன். சிரித்தார்கள். என்ன சொன்னாலும் சிரிக்கிறார்கள். என்னுடைய முகத்தில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

அக்கா பவுசர் வரிசைக்கு வரவேயில்லை. மத்தியான வெயிலில், ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு கேத்திலைத் தூக்கிக்கொண்டு கோயில் குழாயடிக்குப் போய் வருவதைக் கண்டவர்கள் சொன்னார்கள். ஊருக்கெல்லாம் அள்ளி ஊற்றிய கைக்கு, வரிசையில் நின்று வாங்க வரவில்லை. நான் என்ன செய்தேன்? கடைத் தண்ணீர்ப் போத்தல் வாங்கத் தொடங்கினேன். மனைவி அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் விட்டால் விஷயம் பாரதூரம்.

தை மாதத்தில் ஒருநாள் மோதினார் என் கடைக்கு வந்தார். வந்தவர் மைக் கேட்பார் என்று நினைத்தேன்.

“தம்பி, நோன்பு கிட்டவா வருது. கஞ்சிக்குத் தண்ணி எங்க எடுக்கிறது?”

“பவுசரை அனுப்பிவிடுறன், நானா” என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

“ஒருக்கா அதில காய்ச்சிப் பாத்தம். குளோரின் மணக்குது. பரவாயில்ல, அல்லாஹ் தந்தது எண்டு குடிச்சம். அக்காவிட்டப் போய்க் கேட்டன். படலையைத் திறக்க மாட்டாவாம்” என்றார்.

“ஏனாம்?”

“‘நோன்பு துறக்கிற சனத்துக்கு இதைக் குடுத்து, ஆருக்கும் வயித்தால போனால் நான் எந்த முகத்தோட உங்களுக்கு முன்னால வாறது?’ எண்டுறா. அழுறா, தம்பி. அந்த மனிசி அழுது நான் கண்டதில்ல.”

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் ஒரு பகிடி விட்டுச் சமாளித்திருப்பேன். “இன்ஷா அல்லாஹ், பாப்பம்” என்று சொல்லிவிட்டு, வெயிலில் இறங்கிப் போனார். நான் கதிரைகளுக்கு நடுவில் நின்றேன். அடுக்கி வைத்த நூற்றுக்கணக்கான கதிரைகள். உட்காரப் பிடிக்கவில்லை.

அந்தக் கிழமை ஞாயிறு, காலைப் பூசை முடிந்த கையோடு, பள்ளிமுனையிலிருந்து கொங்கிறீற் வெட்டும் இயந்திரம் ஒன்றைக் கொண்டு வந்தேன். அதன் சொந்தக்காரரின் மகளுடைய கலியாணத்துக்கு நான் கதிரை கொடுத்திருந்தேன். என் வாழ்க்கையில் எல்லாக் கதவுகளையும் திறந்தது கதிரைதான். மீன் வியாபாரியும் இன்னும் ஐந்தாறு பேரும் கிண்டுவதற்கு இரும்பு அலவாங்கோடு வந்தார்கள். கவனியுங்கள், வீதியை உயர்த்தும்போது கைதட்டியவர்களும் இவர்கள்தான்.

“மெம்பர், றோட்டுத் திறப்புக்கு நட்ட உங்கட பேர் போட்ட கல்லுப் பக்கத்தில வெட்டுறதோ, தூரத்தில வெட்டுறதோ?”

“எங்க தண்ணி போகுமோ அங்க வெட்டுங்கோ.”

“அப்ப கல்லு விழும்.”

“விழட்டும்.”

வெட்ட வெட்ட அடுக்கடுக்காக வந்தது. என் கொங்கிறீற், அதற்குக் கீழே கிறவல், அதற்குக் கீழே எனக்கு முந்திய உறுப்பினரின் தார், அதற்கும் கீழே அவருக்கு முந்தியவரின் கல். ஒரு கேக்கை வெட்டியது மாதிரி. எந்த அடுக்கு எந்தக் கட்சி என்று மீன் வியாபாரி விரலால் காட்டிச் சொன்னார். ஒருவரும் தனக்கு முன் போனவருடையதைக் கிண்டிப் பார்க்கவில்லை. எல்லாரும் மேலே ஏறி நின்றிருக்கிறோம். அவ்வளவு வருடமும் அந்த வளவுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து போய்க்கொண்டிருந்திருக்கின்றன. நான் வைத்தது கடைசி அரை அடி.

குழாயைப் பதித்ததும், வளவில் தேங்கிக் கறுத்துப்போன தண்ணீர் முதலில் தயங்கியது. பிறகு திடீரென்று வழி கண்டு, மறுபக்கத்துக் கானுக்குள் கொட்டத் தொடங்கியது. எல்லாரும் கூச்சல் போட்டார்கள். அக்கா படலைக்குப் பின்னால் நின்று பார்த்தார். பூட்டைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். அன்றைக்கு அவருக்கு வாய் இருந்தது. “பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவிச்சிருக்கிறியள், மெம்பர்” என்றார். உயர்த்தும்போது வராத குரல், வெட்டியதும் வந்துவிட்டது. பொலிசில் முறைப்பாடு போனது. என்னைக் கூப்பிட்டார்கள். சார்ஜன் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:

“முறைப்பாடு ஆர் தந்தது?”

“சபை.”

“ஆருக்கு எதிரா?”

“சபை உறுப்பினருக்கு.”

“றோட்டு ஆர் போட்டது?”

“நான்.”

“உடைச்சது?”

“அதுவும் நான்தான்.”

அவர் பேனையை மூடி வைத்தார். “உங்களுக்குள்ள பேசித் தீர்க்க ஏலாதோ?”

“எங்களுக்குள்ள பேசினால் மைக்கை நிப்பாட்டுறாங்கள், ஐயா.”

அந்த முறைப்பாடு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதைவிட நெஞ்சைப் பிளக்கும் விஷயம் ஒன்று உண்டு. அதே சபை, வருட முன்னேற்ற அறிக்கையில், எங்கள் ஒழுங்கையில் ஒரு வடிகால் மதகு அமைக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறது. நான் உடைத்தது குற்றம். நான் பதித்தது அவர்களுடைய சாதனை. ஒரே குழி. வாசித்துவிட்டு நான் தவிசாளரிடம், “ஒண்டில் என்னைச் சிறையில போடுங்கோ, இல்லாட்டி மாலை போடுங்கோ” என்றேன். “இரண்டுக்கும் தீர்மானம் வேணும்” என்றார். அந்த மனிதர் பகிடி விடுகிறாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கிணறு மட்டும் தானாகச் சுத்தமாகிவிடவில்லை. மோட்டர் வைத்து இறைத்தோம். ஊறியது, திரும்ப இறைத்தோம். ஆட்கள் உள்ளே இறங்கி அடிச் சேற்றை வாளி வாளியாக ஏற்றினார்கள். மருந்து போட்டோம், பொறுத்திருந்தோம், மறுபடியும் இறைத்தோம். அக்கா ஒவ்வொரு முறையும் படலையைத் திறந்து எங்களை உள்ளே விட்டு, வேலை முடிந்ததும் திரும்பப் பூட்டினார். செருப்பைக் கழற்றச் சொல்ல மறக்கவில்லை. சுகாதாரப் பரிசோதகர் மூன்றாம் முறை எடுத்துப்போன தண்ணீர், குடிக்க உகந்தது என்று வந்தது.

பிறை பார்க்கும் நாளுக்கு முந்திய பின்னேரம் அந்தச் செய்தியோடு நான் ஓடினேன். மோதினார் ஏற்கெனவே கலன்களோடு ஓட்டோவில் வந்து நின்றார். மீன் வியாபாரி, அவருடைய மனைவி, இன்னும் நாலைந்து பேர் குடங்களோடு நின்றார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. பூட்டு இல்லை, படலை சும்மா சாத்தித்தான் கிடந்தது. அக்கா கிணற்றடியில் நின்றார். வாளி கிணற்றுக் கட்டில் இருந்தது.

நான் படலையைத் தள்ளிக்கொண்டு போய், செருப்பைக் கழற்றிவிட்டு, மைக் பிடித்தவன் மாதிரி உரத்த குரலில் சொன்னேன்:

“அக்கா, பரிசோதனையில நல்ல தண்ணி எண்டு வந்திட்டுது. இனி ஒரு பயமும் இல்லை. பள்ளிக்கும் குடுக்கலாம். சனம் தாராளமாக் குடிக்கலாம்.”

அக்கா வாளியை இறக்கி, மெதுவாக இழுத்து எடுத்து, ஒரு செம்பில் ஊற்றினார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. மோதினார் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பார்த்தது என் இடது கையை. அதில் பாதி குடித்த கடைத் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. செம்பை என் பக்கம் நீட்டினார்.

“முதல் நீ குடி.”